முன்னிலை வாசிப்பு: இந்தியப் பன்மொழி மேடையும் மொழிபெயர்ப்பாளரின் இடமும்

0. முன்னுரை

நூலாசிரியர் ஒருவர் தம் படைப்பின் ஒரு பகுதியைக் கேட்போர் முன் தாமே படித்துக் காட்டுவதும், அதுபற்றி உரையாடுவதும், எழுப்பப்படும் வினாக்களுக்கு விடை கூறுவதும் இன்று இலக்கிய விழாக்களிலும் புத்தகக் கடைகளிலும் பெருவழக்காகிவிட்டன. இந்நிகழ்வை இக்கட்டுரை 'முன்னிலை வாசிப்பு' என்னும் தொடரால் குறிக்கிறது. படைத்தவர், படைப்பு, கேட்போர் ஆகிய மூவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முன்னிலையாகும் நிகழ்வு என்பது இதன் பொருள்.

ஒருமொழிச் சமுதாயங்களில் இந்நிகழ்வின் வரலாறு பெரும்பாலும் புத்தக வணிகத்தின் வரலாறாகவே அமைகிறது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1853இல் அறப்பணிக்காகத் தம் கதையைப் பொதுமேடையில் படிக்கத் தொடங்கி, 1858 முதல் கட்டணம் பெற்றுப் படித்தார். 1867-68இல் அமெரிக்கா சென்று படித்த அவர், 1870இல் இலண்டனில் இறுதி வாசிப்பை நிகழ்த்தினார். அம்மேடைகளில் எழாத வினா ஒன்று இந்திய மேடையில் முதலிலேயே எழுகிறது. எந்த மொழியில் படிப்பது? கேட்போருக்கு அம்மொழி தெரியாதபோது இடையில் நிற்பவர் யார்? அவருடைய பெயர் சொல்லப்பெறுமா?

இவ்வினாக்களை முன்வைத்து இந்திய முன்னிலை வாசிப்பின் வரலாற்றைச் சில கட்டங்களாகப் பகுத்து நோக்குவதும், ஒவ்வொரு கட்டத்திலும் மொழிபெயர்ப்பாளருக்கு அளிக்கப்பெற்ற இடத்தை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பல மொழிகள் அமர்ந்த அவை

1.1 இந்திய இலக்கிய மரபில் நூலின் பிறப்பும் அவையும் பிரிக்க இயலாதவை. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாகக் கூறுகிறது. பாயிரத்தில் சொல்லத்தக்கன இவை எனத் தொகுக்கும் நன்னூல், காலம், காரணம் ஆகியவற்றோடு 'களன்' என்பதையும் சேர்த்துரைப்பார் உளர் என்கிறது. களன் என்பது நூல் அரங்கேறிய இடம். நூலை அறிமுகம் செய்யும் முகவுரையிலேயே அது முதலில் ஒலித்த அவையைக் குறிக்க வேண்டும் என்னும் கருத்து, முன்னிலை வாசிப்பு எத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும்.

எனினும் அரங்கேற்றம் ஒருமொழி நிகழ்வு. பல மொழிகள் ஒரே அவையில் எவ்வாறு அமர்ந்தன என்பதை அறிய வடமொழிக் காவிய இயல் நூல்களில் ஒன்றான காவியமீமாம்சை துணைபுரிகிறது. அதன் ஆசிரியர் இராசசேகரர் கன்னோசியில் ஆண்ட கூர்ச்சரப் பிரதிகார மன்னர்களின் அவையில் கி.பி. 900ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்தவர். அரசன் அமைக்க வேண்டிய கவியவை பற்றி அந்நூலின் பத்தாம் இயல் விரிவாகப் பேசுகிறது.

1.2 அவ்விதியின்படி அவையின் வடபால் சமற்கிருதக் கவிஞரும், கீழ்பால் பிராகிருதக் கவிஞரும், மேல்பால் அபப்பிரஞ்சக் கவிஞரும், தென்பால் பைசாசிக் கவிஞரும் அமர வேண்டும். ஒவ்வொரு மொழியினருக்கும் பின்னால் அமர்வோரும் வகுக்கப்பட்டுள்ளனர். சமற்கிருதக் கவிஞருக்குப் பின் வேதம், தருக்கம் முதலியவற்றில் வல்லோரும், பிராகிருதக் கவிஞருக்குப் பின் நடிகர், ஆடுவோர், பாடுவோர் முதலியோரும், அபப்பிரஞ்சக் கவிஞருக்குப் பின் ஓவியர், பொற்கொல்லர், தச்சர், கருமார் போன்ற கைவினைஞரும், பைசாசிக் கவிஞருக்குப் பின் கயிற்றில் ஆடுவோர், மற்போர் செய்வோர் போன்றோரும் இடம்பெறுகின்றனர்.

இவ்வமைப்பு மொழியியலாருக்கு இரு செய்திகளைத் தருகிறது. மொழியின் படிநிலையும் சமுதாயத்தின் படிநிலையும் ஒரே வரைபடத்தில் பொருத்தப்பட்டுள்ளன என்பது ஒன்று. அவையில் மொழிபெயர்ப்போனுக்கென ஓர் இருக்கை குறிக்கப்பெறவில்லை என்பது மற்றொன்று. கேட்போர் நான்கையும் அறிவர் என்பதே எடுகோள்.

ஆயினும் நூல் ஒரு நெகிழ்ச்சியை அனுமதிக்கிறது. பல மொழிகளில் பாடுவோன் எம்மொழியில் மிகுதியும் வல்லவனோ அம்மொழிக்குரிய இடத்தில் அமரலாம். பலவற்றிலும் ஒப்ப வல்லவன் இடம் மாறி மாறி அமரலாம். இந்திய மேடையில் மொழிகளுக்கு இடையே நடமாட உரிமை பெற்ற முதல் ஆள் இவனே எனலாம். அவன் மொழிபெயர்ப்பாளன் அல்லன். ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்கு வேண்டிய முதல் தகுதி அவனிடம் உள்ளது.

1.3 பாடலைப் படிக்கும் முறை பற்றியும் இராசசேகரர் வட்டாரவாரியாகக் கருத்துரைக்கிறார். காசுமீரக் கவிஞரின் படிப்பு செவிக்குச் சீந்தில்கொடியின் சாறுபோல் கசக்கும் என்பது அவர் மதிப்பீடு. திராவிடக் கவிஞர் உரைநடையாயினும் செய்யுளாயினும் இரண்டும் கலந்ததாயினும் அனைத்தையும் இசைப் பாங்கிலேயே படிப்பர் என்கிறார். இதில் எள்ளல் கலந்திருக்கலாம். எனினும் ஒரே பனுவல் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறு ஒலிவடிவம் பெறும் என்பதை ஓர் இலக்கணக் கூறாகவே பதிவுசெய்த வகையில் இக்குறிப்பு அரியது. எழுத்தில் இல்லாத ஒன்று வாசிப்பில் உண்டு என்பதும், அது மொழிச் சமுதாயத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்பதும் இதனால் பெறப்படும்.

2. கேட்போர் முடித்துவைக்கும் பாட்டு

2.1 உருது மரபின் முசாயிரா ஒருமொழி அவையின் முழு வளர்ச்சி. அதன் நடைமுறைகள் நன்கு வகுக்கப்பட்டவை. 'தரஹ்' எனப்படும் பொது அடி ஒன்று முன்னரே அறிவிக்கப்படும். அதன் யாப்பிலும் இயைபிலும் அனைவரும் கசல் இயற்றி வருவர். விளக்கு ஒருவர் முன்னிருந்து அடுத்தவர் முன் நகர்த்தப்படும். விளக்கு யார் முன் உள்ளதோ அவர் படிப்பார். இளையோர் முதலிலும் ஆசான் இறுதியிலும் படிப்பது முறை. பாடலை இசைத்துப் படிப்பது 'தரன்னும்' எனவும், இசையின்றிச் சொல்லழுத்தத்தோடு படிப்பது 'தஹ்துல் லஃப்ஸ்' எனவும் வழங்கும்.

கேட்போரின் பங்கு இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. கசலின் ஒவ்வோர் ஈரடியிலும் இரண்டாம் அடி, 'காஃபியா' என்னும் இயைபுச் சொல்லையும் அதனைத் தொடரும் 'ரதீஃப்' என்னும் மாறாத ஈற்றுத் தொடரையும் கொண்டு முடியும். முதலடியைக் கவிஞர் இருமுறை படிப்பார். கேட்போர் யாப்பையும் ரதீஃபையும் அறிவர். அறியாதது காஃபியா எதுவாக வரும் என்பது மட்டுமே. அது வெளிப்படும் கணத்தில் ரதீஃபை அவர்கள் கவிஞரோடு சேர்ந்தே சொல்லிவிடுவர். 'முகர்ரர்' எனக் கூவி மீண்டும் படிக்கச் செய்வதும் உண்டு. ஆகவே, பாட்டு நிறைவடைவது தாளில் அன்று, அவையில்.

2.2 மொழிபெயர்ப்பாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உருதுவிலும் இந்தியிலும் வினை தொடரின் ஈற்றில் நிற்பது இயல்பு. எனவே ரதீஃப் பெரும்பாலும் வினைமுற்றாகவோ எதிர்மறையாகவோ அமைகிறது. தமிழிலும் வினை ஈற்றிலேயே நிற்பதால், 'இல்லை', 'வந்தது', 'என்பார்கள்' போன்ற சொற்களை ஈற்றில் நிறுத்தி அதே எதிர்பார்ப்பைத் தமிழ்ச் செவியிலும் உண்டாக்க இயலும். ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னரே வெளிப்பட்டுவிடும். ஈற்றில் காத்திருக்க ஒன்றும் இராது. தாளில் படிப்போருக்கு இவ்வேறுபாடு அணிநயம் பற்றியதாகத் தோன்றலாம். மேடையில் கேட்போருக்கு அது பாட்டின் உயிர்நிலை பற்றியது.

2.3 1874இல் இலாகூரில் பஞ்சாப் அஞ்சுமன் என்னும் சங்கம் நடத்திய அவைகள் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றன. கல்வித்துறை இயக்குநர் கர்னல் ஹோல்ராயிடின் ஆதரவிலும் முகம்மது உசேன் ஆசாத்தின் முயற்சியிலும் நடந்த இவ்வவைகளில் பொது அடிக்கு மாறாகப் பொதுத் தலைப்பு தரப்பட்டது. மழைக்காலம், நாட்டுப்பற்று போன்ற தலைப்புகளில் ஹாலி முதலானோர் தொடர்நிலைக் கவிதை இயற்றிப் படித்தனர். ஒலி ஒற்றுமையால் இணைந்திருந்த அவை பொருள் ஒற்றுமையால் இணைந்த அவையாயிற்று. பொருளை மையமாகக் கொண்ட மேடை மொழிபெயர்ப்பை ஏற்கும். ஒலியை மையமாகக் கொண்ட மேடை எளிதில் ஏற்காது. பிற்காலப் பன்மொழி மேடைகளுக்குரிய வாய்ப்பு இம்மாற்றத்தில் தொடங்குகிறது.

3. மாநாடுகளும் அவற்றின் வாயில்களும்

3.1 அச்சுப் பண்பாடு பரவியபின் மொழிவாரி எழுத்தாளர் மாநாடுகள் தோன்றின. மராத்தி நூலாசிரியர்களின் முதல் கூட்டம் 1878இல் புனேயில், மகாதேவ கோவிந்த ரானடே, லோகஹிதவாதி ஆகியோர் முயற்சியால் நடந்தது. குசராத்தி சாகித்திய பரிசத்து 1905இலும், கன்னட சாகித்திய பரிசத்து 1915இலும் நிறுவப்பெற்றன. மராத்தி மாநாட்டின் 98ஆம் அமர்வு 2025 பிப்ரவரியில் தில்லியில் நடந்தது.

3.2 இம்மாநாடுகள் ஒரு மொழிக்கு ஒரு குடும்பம் என்னும் எண்ணத்தை வளர்த்தன. அக்குடும்பத்தில் அனைவருக்கும் இடம் இருந்ததா என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்தது. 1885இல் புனேயில் கூடவிருந்த மராத்தி நூலாசிரியர் அவைக்கு அழைக்கப்பட்ட சோதிராவ் புலே, வர மறுத்துக் கடிதம் எழுதினார். பிறருக்கு மனித உரிமைகளை மனமார வழங்காதவர்களின் அவையும் நூல்களும் தம்மவரின் அவையோடும் நூல்களோடும் பொருந்தா என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். 1958இல் மும்பையில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டில் அண்ணாபாவு சாட்டே உரையாற்றியது அம்மறுப்பின் தொடர்ச்சியாகவே கொள்ளத்தக்கது.

ஒரு மொழிக்குள்ளேயே மேடை ஏற இயலாதிருந்த குரல்கள் மொழிபெயர்ப்பு மேடைக்கு எவ்வாறு வரும்? மூலமொழியில் வாசிக்க அழைக்கப்படாதவர் பெயர்ப்பு மொழியிலும் கேட்கப்படமாட்டார். மொழிபெயர்ப்பாளர் தேர்வுசெய்வதற்கு முன்பே மாநாட்டின் வாயில் தேர்வுசெய்துவிடுகிறது என்பதை மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுவோர் கருத்திற் கொள்ள வேண்டும்.

4. ஆசிரியர் இருக்கப் பிறர் படித்தல்: 1912

4.1 இந்திய எழுத்தாளர் ஒருவர் தம் மொழி அறியாத கேட்போர் முன் வைக்கப்பட்ட நிகழ்வுகளில் 1912 சூலையில் இலண்டனில் நடந்தது தனிச்சிறப்புடையது. ஓவியர் வில்லியம் ரோதென்சுடைன் இல்லத்தில் கூடிய சிறு குழுவுக்கு, இரவீந்திரநாத தாகூர் தாமே ஆங்கிலத்தில் ஆக்கிய பாடல்களை அயர்லாந்துக் கவிஞர் யேட்சு படித்துக் காட்டினார். எஸ்ரா பவுண்டு, நாவலாசிரியை மே சின்க்ளேர் முதலியோர் கேட்டனர். ஆசிரியர் அவையில் அமர்ந்திருந்தார். அவ்வாண்டின் இறுதியில் கீதாஞ்சலியின் ஆங்கில வடிவம் இந்தியா சொசைட்டியால் 750 படிகள் அச்சிடப்பெற்றது. 1913இல் நோபல் பரிசு கிட்டியது.

4.2 இந்நிகழ்வில் பணிகள் பிரிந்திருக்கும் முறை ஆய்வுக்குரியது. ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரே. வாசிப்பவர் வேறொருவர், அவர் பெயர்ப்பு மொழியின் புகழ்பெற்ற கவிஞர். மூலமொழி அவையின் மையத்தில் இல்லை. வங்காளியில் யாப்பும் இயைபும் உடைய பாடல்கள், இசையோடு பாடப்பெறுவன பலவற்றை உள்ளடக்கியவை, ஆங்கிலத்தில் உரைப்பாவாயின. கேட்போர் அதனையே தாகூரின் குரலாகக் கொண்டனர். மூலத்தின் ஒலி தாளப்பெற்ற வடிவம் ஒன்று உண்டு என்பதை உணர அவர்களுக்கு வாய்ப்பில்லை.

ஆசிரியரே பெயர்த்தார் என்பதால் பெயர்ப்பின் நம்பகம் வினவப்படவில்லை. ஆசிரியர் உடனிருந்தார் என்பதால் வாசிப்பின் நம்பகமும் வினவப்படவில்லை. முன்னிலை வாசிப்பின் வலிமையும் இடரும் இதில் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆசிரியரின் உடலிருப்பு பெயர்ப்புக்கு ஒரு சான்றுமுத்திரையாகிறது. மூலமொழியின் இன்மையை அது மறைத்தும் விடுகிறது. பின்னாளில் ஆங்கில வழி விழாக்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிலைக்கு இது முன்வடிவம் எனலாம்.

5. அரசு அமைத்த மேடை

5.1 விடுதலைக்குப் பின் பன்மொழி மேடையை அமைக்கும் பொறுப்பு அரசு சார்ந்த நிறுவனங்களிடம் வந்தது. சாகித்திய அகாதெமி 1954 மார்ச்சு 12இல் தொடங்கப்பெற்றது. தேசியப் புத்தக நிறுவனம் 1957இல் நிறுவப்பெற்று, 1972இல் தில்லியில் முதல் உலகப் புத்தகக் காட்சியை நடத்தியது. அனைத்திந்திய வானொலி 1956இல் 'சர்வபாஷா கவி சம்மேளனம்' என்னும் அனைத்துமொழிக் கவியரங்கைத் தொடங்கிக் குடியரசு நாளையொட்டி ஒலிபரப்பலாயிற்று.

இக்கவியரங்கின் அமைப்பு மொழிபெயர்ப்பு நோக்கில் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு மொழிக் கவிஞரும் தம் கவிதையை மூலமொழியில் படிப்பார். அதன் இந்தி வடிவத்தை இந்திக் கவிஞர் ஒருவர் படிப்பார். பின்னர் வட்டார நிலையங்கள் தத்தம் மொழிகளில் அக்கவிதைகளை ஆக்கி ஒலிபரப்பும். இராசசேகரரின் அவையில் மொழிகள் அருகருகே அமர்ந்தன. இங்கு அவை ஒரு மையத்தின் வழியே ஒன்றையொன்று கேட்டன. ஆயினும் மூலமொழியின் ஒலி முதலில் ஒலித்தது என்பதும், நாடெங்கும் ஒரே இரவில் சந்தாலியையோ காசுமீரியையோ ஒருமுறையேனும் செவிமடுக்கும் வாய்ப்பு பொதுமக்களுக்குப் பிற்காலத்தில் கிட்டியது என்பதும் சிறு செய்திகள் அல்ல. 1950இல் 14ஆக இருந்த எட்டாம் அட்டவணை மொழிகள் 1967இல் 15ஆகவும், 1992இல் 18ஆகவும், 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் 22ஆகவும் பெருகியபோது தேசிய மேடையின் எல்லையும் விரிந்தது.

5.2 ஓர் இணைப்பு மொழியின் வழியே பெயர்ப்பதன் விளைவை ஓர் இலக்கணக் கூற்றால் விளக்கலாம். பிறர் கூற்றைத் தெரிவிக்கத் தமிழ் 'என்று' என்னும் சொல்லைக் கூற்றின் பின்னே வைக்கிறது. கன்னடத்தில் 'எந்து' அவ்வாறே வரும். மராத்தியின் 'ம்ஹணூன்', வங்காளியின் 'போலே' ஆகியனவும் கூற்றின் பின்னே நின்று இப்பணியைச் செய்ய வல்லவை. இந்தியிலோ 'கி' என்னும் இணைப்புச்சொல் கூற்றின் முன்னே நிற்கும். இன்னார் கூறினார் என்பது முதலிலும், கூறியது பின்னரும் வரும்.

ஒரு மராத்திக் கவிதையில் யார் பேசுகிறார் என்பது இறுதிவரை மறைந்திருந்து ஈற்றடியில் வெளிப்படுவதாகக் கொள்வோம். மராத்தியிலிருந்து தமிழுக்கு நேரே வந்தால் அம்மறைவு இயல்பாகவே காக்கப்படும். இந்தியின் வழியே வந்தால் அது முதலடியிலேயே வெளிப்பட்டுவிடும் வாய்ப்பு மிகுதி. இரு மொழிகளுக்கும் பொதுவான ஒன்று, இடைநின்ற மொழியில் இல்லாமையால் இழக்கப்படுகிறது. இந்தியாவை ஒரு மொழிப் பரப்பாகக் கண்ட எமனோவின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்ததும் வானொலிக் கவியரங்கு தொடங்கிய அதே 1956இல்தான். அக்கட்டுரை எடுத்துக்காட்டிய பொதுமைகளை நேரடிப் பெயர்ப்புக்குப் பயன்படுத்தும் முயற்சி மேடைகளில் போதிய அளவு நிகழவில்லை.

5.3 சாகித்திய அகாதெமி வகுத்த நிகழ்ச்சி வகைகள் முன்னிலை வாசிப்பின் பல்வேறு வடிவங்களைக் காட்டுவன. எழுத்தாளரைச் சந்தித்தல், கவிஞர் ஒருவரே படிக்கும் கவிசந்தி, கதைஞர் ஒருவரே படிக்கும் கதாசந்தி ஆகியவற்றோடு 'கவி அனுவாதக்' என்னும் வகையும் உண்டு. இதில் கவிஞர் மூலத்தையும் மொழிபெயர்ப்பாளர் பெயர்ப்பையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் படிப்பர். நிகழ்ச்சியின் பெயரிலேயே மொழிபெயர்ப்பாளர் இடம்பெற்றது கருதத்தக்கது. 1989இல் அகாதெமி மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பரிசையும் ஏற்படுத்தியது. அட்டவணை மொழிகளோடு ஆங்கிலத்தையும் இராசத்தானியையும் சேர்த்து 24 மொழிகள் அதன் வட்டத்துள் அடங்குகின்றன.

போபாலில் 1982இல் திறக்கப்பெற்ற பாரத் பவனின் 'வாகர்த்' என்னும் கவிதை மையமும் இவ்வகையில் முன்னோடியானது. 1989இல் அங்கு நடந்த உலகக் கவிதை விழா இந்திய மொழிக் கவிதையும் அயல்நாட்டுக் கவிதையும் ஒரு மேடையில் கேட்கப்பெற்ற அரிய நிகழ்வாகும்.

6. விழாக்களும் புத்தகக் கடைகளும்

6.1 கொல்கத்தாப் புத்தகக் காட்சி 1976இலும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இலும் தொடங்கின. நூல் வாங்க வந்தவரே கேட்போராகவும் ஆகும் நிலையை இவை உருவாக்கின. 1997இல் பிரான்சு சிறப்பு நாடாக அமைந்த கொல்கத்தாக் காட்சியை மெய்யியலறிஞர் ழாக் தெரிதா தொடங்கிவைத்தார் என்பது வங்காளத்தில் எழுத்தாளர் உரைக்கு இருந்த பொதுமதிப்பை உணர்த்தும்.

செய்ப்பூர் இலக்கிய விழா 2006இல் டிக்கி அரண்மனையில் சிறு அளவில் தொடங்கிப் பெருவிழாவாக வளர்ந்து, 2022இல் வேறு இடத்துக்கு மாறியது. ஐதராபாது இலக்கிய விழாவும் கொல்கத்தாவின் ஆக்சுபோர்டு புத்தகக் கடையைச் சார்ந்து எழுந்த ஏபிசே இலக்கிய விழாவும் 2010இல் தோன்றின. பெங்களூரு விழா 2012இலும், தார்வாடின் சாகித்திய சம்பிரமம் 2013இலும், கோழிக்கோட்டுக் கடற்கரையில் கேரள இலக்கிய விழா 2016இலும் தொடங்கப்பெற்றன. இந்திய மொழிகளையே மையமாகக் கொண்ட 'சமன்வய்' விழா தில்லியில் 2011இல் தொடங்கியது.

6.2 இவ்விழாக்கள் மொழி அடிப்படையில் இருவகைப்படும். தார்வாடு, கோழிக்கோடு போன்றவை வட்டார மொழியை முதன்மையாகக் கொண்டவை. அங்குப் பிறமொழி எழுத்தாளர் விருந்தினர். பெருநகர விழாக்கள் பல ஆங்கிலத்தை அவைமொழியாகக் கொண்டவை. அங்கு இந்திய மொழி எழுத்தாளரே விருந்தினர் போன்றவர். இரண்டாம் வகையில் நிகழும் ஒரு நடைமுறை ஆய்வுக்குரியது. ஒருங்கிணைப்பாளர் ஆங்கிலத்தில் வினவுகிறார். எழுத்தாளர் தம் மொழியில் நீண்ட விடை தருகிறார். அருகில் இருப்பவர் அதனைச் சில தொடர்களில் சுருக்குகிறார்.

இச்சுருக்கத்தில் மூன்று இழப்புகள் நேர்கின்றன. ஒன்று, இடமாற்றம். பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் பேசுபவரின் 'நான்' என்பதை 'நான்' என்றே பெயர்ப்பார். மேடையில் நட்புக்காக உதவுபவர் 'அவர் சொல்வது என்னவென்றால்' எனத் தொடங்குவார். தன்மை படர்க்கையாகிறது, முன்னிலையில் இருப்பவரே இல்லாதவர் போலாகிவிடுகிறார். இரண்டு, நடைவேறுபாட்டின் அழிவு. தமிழ் எழுத்தாளர் ஒருவர் எழுத்துவழக்கில் ஒரு பத்தியைப் படித்து, பேச்சுவழக்கில் அதனை விளக்கி, கதைமாந்தரின் வட்டார வழக்கில் ஓர் உரையாடலைச் சொல்லிக் காட்டுவார். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே நடையாகின்றன. இரட்டை வழக்குடைய மொழியினர் நடைமாற்றத்தாலேயே உணர்த்தும் அணுக்கமும் எள்ளலும் கேட்போருக்கு எட்டுவதில்லை. மூன்று, வரிசை. பெயர்ப்பை மட்டும் படித்து மூலத்தை 'மாதிரிக்குச் சில வரிகள்' எனக் குறைக்கும்போது மூலமொழி பொருளற்ற ஓசையாக நின்றுவிடுகிறது. பெயர்ப்பை முதலிலும் மூலத்தை முழுமையாகப் பின்னரும் படித்தால், பொருளை அறிந்துகொண்ட செவி ஒலியைக் கேட்க ஓய்வு பெறும்.

6.3 புத்தகக் கடை வாசிப்பு அளவில் சிறியது; ஆயினும் மொழிநிலையில் நெகிழ்ச்சியுடையது. பெங்களூரில் 2012இல் கோரமங்கலத்தில் தொடங்கப்பெற்ற 'ஆட்ட கலாட்டா' என்னும் கடை இந்திய மொழி நூல்களை விற்பதோடு வாசிப்பு நிகழ்ச்சிகளுக்கும் இடமளித்தது. வந்தவர்கள் சிலரே ஆகும்போது அவர்கள் அறிந்த மொழிகளைக் கேட்டறிந்து அதற்கேற்பப் படிக்க இயலும். நூலும் கையருகே இருப்பதால் கேட்டவர் அப்போதே மூலத்தையோ பெயர்ப்பையோ எடுத்து அவ்விடத்தைப் புரட்டிப் பார்க்கலாம். செவிக்கும் கண்ணுக்கும் இடையே உடனடியாக நிகழும் இவ்வொப்பீடு பெருமேடையில் வாய்ப்பதில்லை.

7. பெயர் சொல்லப்பெறுதல்

7.1 அண்மைக் காலத்தில் மொழிபெயர்ப்பாளரின் நிலை மாறிவருகிறது. பன்னாட்டு புக்கர் பரிசு 2016 முதல் ஒரே நூலுக்கு வழங்கப்பட்டு, பரிசுத்தொகையான 50,000 பவுண்டு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்காக அவரும் மொழிபெயர்ப்பாளர் டெய்சி ராக்வெல்லும், 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்காக அவரும் தீபா பஸ்தியும் இப்பரிசைப் பெற்றனர். தமிழைப் பொறுத்தவரை, 2023இல் பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' சனனி கண்ணனின் ஆங்கிலப் பெயர்ப்பில் ஜேசிபி பரிசு பெற்றது குறிப்பிடத்தக்கது. இவற்றின் விளைவாக, மொழிபெயர்ப்பாளர் விழா மேடைகளில் ஆசிரியரின் அருகில் அமர்த்தப்படுகிறார்.

7.2 இது வரவேற்கத்தக்கதே. எனினும் மேற்கண்ட பெயர்ப்புகள் அனைத்தும் ஆங்கிலத்திலாயவை. கன்னடத்திலிருந்து ஒடியாவுக்கோ தமிழிலிருந்து அசாமிக்கோ பெயர்ப்பவருக்கு இத்தகைய இருக்கை இன்னும் எளிதில் கிட்டுவதில்லை. இந்திய மொழிகளுக்கிடையே நேரே பெயர்ப்போரின் எண்ணிக்கை பெருகாதவரை, மேடையில் பேசப்படும் பன்மொழித்தன்மை ஓர் இணைப்பு மொழியின் பன்மொழித்தன்மையாகவே எஞ்சும். மைசூரில் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் 1969இலும் அதனைச் சார்ந்து தேசிய மொழிபெயர்ப்புப் பணித்திட்டம் 2008இலும் தோன்றின. அறிவு நூல்களின் பெயர்ப்புக்கு அவை காட்டும் கவனம் வாய்மொழிப் பெயர்ப்புக்கும் விரிவடைதல் நன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

முதலாவதாக, இந்திய முன்னிலை வாசிப்பின் வரலாறு மொழிகளை அமர்த்தும் முறையின் வரலாறும் ஆகும். அருகருகே அமர்த்தல், ஒருமொழி அவை, மையமொழி வழியே கேட்டல், ஆங்கில அவைமொழி எனப் பல முறைகள் தோன்றியுள்ளன. ஒன்று மற்றொன்றை முற்றிலும் நீக்கிவிடவில்லை. முசாயிராவும் மாநாடும் கவியரங்கும் விழாவும் இன்றும் உடன்நிகழ்வனவே.

இரண்டாவதாக, செவிக்கான பெயர்ப்பு கண்ணுக்கான பெயர்ப்பினின்று வேறானது. கேட்பவர் பின்னோக்கிப் புரட்ட இயலாது. எனவே சொற்கள் வெளிப்படும் வரிசையே அதன் முதன்மை இலக்கணம். வினையீற்று மொழிகளுக்கிடையே இவ்வரிசை பெரிதும் ஒத்திருப்பது நேரடிப் பெயர்ப்புக்கு இயற்கை தந்த வாய்ப்பாகும்.

மூன்றாவதாக, மேடையில் நிகழும் பெயர்ப்புகள் பெரும்பாலும் பதிவின்றி மறைகின்றன. எழுத்தாளரின் உரை ஒளிப்பதிவாகிறது. இடைநின்றவரின் சொற்கள் தனியே தொகுக்கப்படுவதில்லை. மூலம், பெயர்ப்பு, பெயர்த்தவர் பெயர், வாசிப்பு நிகழ்ந்த களம் ஆகிய நான்கையும் ஒருங்கே பதிவுசெய்யும் ஒலிச்சுவடிக் காப்பகம் ஒன்று அமையுமாயின், அது இந்திய மொழிகளின் ஒப்பியல் ஆய்வுக்கும் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கும் அடிப்படைத் தரவாகும்.

நூலின் பாயிரத்தில் களனையும் குறிக்க வேண்டும் எனக் கருதியோர் நூல் கேட்கப்பெற்ற இடத்தையும் நூலின் ஒரு கூறாகவே மதித்தனர். பன்மொழி நாட்டில் அக்களத்தில் நின்று மொழி மாற்றிச் சொன்னவர் பெயரும் அப்பாயிரத்தில் சேர்தல் முறையாகும்.